மீன் ஆய்கிற சத்தம்

போன மாதம் எங்கள் பழைய வார்டிலிருந்து மூன்று பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவர்கள். பொத்தேரியில் என் மகன் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்து, தண்ணீர் குடித்து, என் முழங்காலைப் பற்றி விசாரித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்கள். வார்டில் ஒரு அம்மா மாத்திரையைத் துப்பித் துப்பி விடுகிறாராம். சாம்பார் சாதத்தில் நசுக்கிப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம்.

"கலந்து குடுத்தா இன்னா ஆயா? உள்ள போனா சரிதானே? பழைய ஆளுங்க மட்டும் கூடவே கூடாதுன்றாங்க. ஏன்னு கேட்டா பச்சையம்மா ஆயாவப் போய்க் கேளுன்றாங்க" என்றாள் அவர்களில் வாயாடியாக இருந்தவள்.

"எழுதித் தரேன்" என்றேன்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது. எழுத்துப் பிழைகளை என் மருமகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் அவள் கைவைக்க நான் விடவில்லை.

நான் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் நெல் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகிச் செங்கல்பட்டு வந்து, ஒரு மனநல ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். அங்கே வந்து போனவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஜனங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். துடைப்பத்தோடு வார்டு வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டது ஜெபமணி சிஸ்டர். குளிப்பாட்டுவது, தலை வாருவது, ஓடுகிறவர்கள் கையை வலிக்காமல் பிடிப்பது எல்லாம் அவர் செய்யப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்தக் கதை தனி. இப்போது வேண்டாம்.

சிஸ்டரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர். ஈர்க்குச்சி உடம்பு. நடந்தால் சத்தமே வராத ரப்பர் செருப்பு. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் ரகசியம் பேசுவதுபோலப் பேசினால் டாக்டரே எழுந்து நிற்பார்.

மாத்திரை கொடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கட்டிலுக்கு எதிரே நின்று பேஷண்டின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். மாத்திரையை வாயில் போடக் கூடாது, அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். இது இன்ன மாத்திரை, இதற்காகக் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவருக்குப் புரிகிறதோ இல்லையோ, சொல்ல வேண்டும். பிறகு தண்ணீர். முழுங்கிய பிறகு, கன்னத்தில் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்க்க, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சிஸ்டர் தன் வாயைத் திறந்து தன் நாக்கைத் தூக்கிக் காட்டுவார். எந்த ஆஸ்பத்திரியிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"நாம தொறக்காம அவங்களைத் தொறக்கச் சொன்னா அதுக்குப் பேரு ஜெயிலு, பச்ச" என்பார்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. என் முன்பல்லில் பெரிய சந்து. பிறகு பழகிவிட்டது. கல்லூரி வாத்தியார், போலீஸ்காரர் மனைவி, எல்லோருக்கும் முன்னால் ஈ என்று காட்டியிருக்கிறேன்.

பயம் நோயாக வருகிறவர்கள் உண்டு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், இதோ சாகப்போகிறோம் என்று இருக்கும். அவர்களுக்கு எங்கள் டாக்டர் பெரும்பாலும் இரண்டு மாத்திரை எழுதுவார். சின்னதன் பெயர் அல்பிரசோலம். போட்டுக் கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கிவிடும். மற்றதன் பெயர் என் நாக்குக்கு வராது, பெரிய மாத்திரை என்றே சொல்கிறேன். அது நிதானக்காரன். மூன்று நாலு வாரம் விடாமல் போட்டால்தான் வேலை தெரியும். ஜனங்கள் என்ன செய்வார்கள்? இது வேலை செய்கிறது, அது செய்யவில்லை என்று பெரியதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சின்னதைப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொல்வார்: "பெருசுதான் மருந்து. சின்னது, அது வேலை செய்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்க. கொஞ்ச வாரம்தான். அப்புறம் நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்தணும். நீங்களா ஒரே நாள்ல விட்டுடாதீங்க."

ஏன் என்றால் உடம்பு அந்தச் சின்னதற்குப் பழகிவிடும். பழகிய உடம்பில் அதை ஒரே அடியாக நிறுத்தினால், அடங்கிக் கிடந்த பயம் பல மடங்காக எழுந்து வரும். கை நடுங்கும், தூக்கம் போகும், வெளிச்சம் ஊசியாகக் குத்தும், இல்லாதது கேட்கும். சிலருக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடும். குறைப்பது என்றால் பாதி, கால் என்று வெட்டிக் கொடுப்பது. எங்கள் வார்டில் அதை வெட்டியது என் கை. புது பிளேடு, எவர்சில்வர் தட்டு, ஒரே அழுத்து. துகள் சிந்தாது.

இனி அஞ்சலை.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள் அஞ்சலை. அந்தக் குப்பத்துப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து விடிந்ததும் மீன் ஏலம் எடுத்து, ஒரே ஷேர் ஆட்டோவில் கூடைகளை ஏற்றிக்கொண்டு, படூர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய் விற்பார்கள். அவர்களுக்குள் எல்லாமே பங்கு. ஐஸ் பங்கு, ஆட்டோ வாடகை பங்கு. ஒருத்தி புதுக் கத்தி வாங்கினால் அதுவும் ஆறு கைக்கும் போகும். அவர்களில் அஞ்சலையின் தங்கை தெய்வானையும் ஒருத்தி. ஒருநாள் காலையில் அந்த ஆட்டோ லாரியில் உரசிக் கவிழ்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தெய்வானை அங்கேயே போய்விட்டாள். மற்ற ஐந்து பேருக்கும் சிராய்ப்புதான்.

அதன் பிறகு அஞ்சலையால் வண்டியில் காலை வைக்க முடியவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டாலே மூச்சு முட்டியது. புருஷன் ஏழுமலை எங்களிடம் அழைத்து வந்தான். டாக்டர் இரண்டு மாத்திரையும் எழுதினார். ஒரு வாரம் வார்டில் இருந்தாள். அழவே இல்லை. தங்கையைப் பற்றிக் கேட்டால் மீன் விலை சொல்வாள். பிறகு மாதா மாதம் வந்து காட்டினாள். சின்ன மாத்திரையைக் குறைத்து, பொங்கலுக்கு முன்பே நிறுத்திவிட்டோம். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோடையில் அவள் வரவில்லை. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், வார்டு போன் அடித்தது. சிஸ்டர் எடுத்தார். அந்த ஆறு பேரில் ஒருத்தியான மும்தாஜ் பேசினாள். அஞ்சலை செத்துப்போன தங்கச்சியோடு பேசிக்கொண்டிருக்கிறாள், உடம்பு முழுக்க நடுக்கம், பூசாரி சொல்லி வலைக் கொட்டகையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பேய் ஓட்டும் வரைக்கும் மஞ்சள் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாதாம். இதுதான் சேதி.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரை நிறுத்தின கோளாறு மாதிரியே இருக்கு. ஆனா அதை நிறுத்தி மாசக்கணக்கா ஆச்சே?" என்றார். காய்ச்சலாக இருக்கலாம், எதற்கும் போய்ப் பாருங்கள் என்று ஊசியும் மாத்திரையும் கொடுத்து சிஸ்டரையும் என்னையும் ஆஸ்பத்திரி வேனில் அனுப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மணல் வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. வேனை விட்டு இறங்கினதும் ஒரு நாற்றம் வந்தது. மீனவர் குப்பத்தில் மீன் நாற்றம் வராதா என்பீர்கள். இது அது இல்லை, அழுகல். வாசலுக்கு வாசல் கூடையில் மீன் அப்படியே கிடந்தது. ஆயாத மீன். செதில் எடுக்காமல், குடல் எடுக்காமல், கண் வெளுத்துப்போய்க் கிடந்தது. காக்கைகள் அதன்மேல் நின்று கொத்தின. விரட்ட ஆளில்லை. அந்த வேகாத வெயிலில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. கடல் சத்தம் ஒன்றுதான். ஒரு குழந்தை அழவில்லை, ஒரு டி.வி. பாடவில்லை.

வலைக் கொட்டகைப் பக்கம் போனோம். வெளியே நிழலில் மூன்று பெண்கள் கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் காதிலும் பஞ்சு அடைத்திருந்தது. முனியம்மா, செல்வி, மேரி. அந்த ஆட்டோவில் இருந்தவர்கள்.

சிஸ்டர் முனியம்மாவின் தோளைத் தொட்டார். அவள் அலறிக்கொண்டு எழுந்தாள். ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் பஞ்சை எடுத்தாள்.

"மீனையெல்லாம் ஏம்மா இப்படி அழுக விட்டிருக்கிய?" என்று கேட்டார் சிஸ்டர்.

"யாரு ஆயறது? ஆய்ஞ்சா சத்தம் வருமே சிஸ்டர். எது எங்க கத்தி, எது அவ கத்தின்னு எப்டித் தெரியும்?"

"எவ?"

முனியம்மா கண்ணைத் தூக்காமல் கட்டைவிரலால் வீட்டு வாசல்களைக் காட்டினாள். "தெய்வான. நாலு நாளா வாசல்ல குந்திகினு மீன் ஆயறா. சரக்கு சரக்குன்னு. கதவத் தொறந்தா ஆளு இல்ல. மொதல்ல அஞ்சலைக்குத்தான் கேட்டுச்சு. அப்புறம் எனக்கு. இப்போ இவுங்களுக்கும்."

"தரை ஆடுது சிஸ்டர்" என்றாள் மேரி. "குந்தினு இருக்கசொல்லவே ஆட்டோ கவுறுற மாதிரி சாயுது."

செல்வி கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். எறும்பு ஊர்கிறது என்றாள். கையில் எறும்பு இல்லை.

சிஸ்டர் மூன்று பேர் கையையும் பிடித்துப் பார்த்தார். அந்த வெயிலில் மூன்று கையும் சில்லென்று நனைந்து, இலை மாதிரி நடுங்கின. என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்: "நோய் ஒருத்திக்கு வரும், பச்ச. ஒரே சத்தம் நாலு பேருக்குக் கேக்குமா?" சொல்லிவிட்டுத் தன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் பயம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

உள்ளே அஞ்சலையை நடுக் கம்பத்தில் வலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஏழுமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அவுத்து விடு" என்றார் சிஸ்டர். குரல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

"பூசாரி இன்னா சொன்னாருன்னா..."

"அவுத்து விடுன்னு சொல்லுதேன்."

அவிழ்த்தான். அஞ்சலை ஓடவில்லை, கத்தவில்லை. எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு சிரித்தாள். வெளியே இருந்த மூன்று பேரின் பயத்தைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"கேக்குதா ஆயா? தோ, இப்போ வால் பக்கம் தேய்க்கிறா."

நான் தண்ணீர் கேட்டு வெளியே வந்தேன். சந்தின் எதிர்ப்புறம் ஒரே ஒரு வீட்டின் கதவு மட்டும் திறந்திருந்தது. அதன் நடையில் ஒருத்தி மடியில் குழந்தையைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மும்தாஜ் அவள்தான். காதில் பஞ்சு இல்லை. செம்பில் தண்ணீர் தந்தாள். செம்பு ஆடாமல் வந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்குச் சத்தம் கேக்கலையாம்மா?"

"இல்ல ஆயா. நானும் ராத்திரியெல்லாம் காதக் குடுத்துப் பாத்துட்டேன். அன்னிக்கு அவ என் மேலதான் வுழுந்தா. என் மடியிலதான் உயிரு போச்சு. வந்தா என் வூட்டுக்குத்தானே மொதல்ல வரணும்?"

"நீ மட்டும் இன்னா வேற? நீ செய்யாதது இன்னா, அவுங்க செஞ்சது இன்னா?"

அவள் யோசித்தாள். குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். "நான் மாத்திரை போடல. பால் குடுக்கறேன், வேணாம்னுட்டேன்."

"எந்த மாத்திரை?"

"அஞ்சலக்கா மாத்திரைதான், சின்னது. எல்லாருக்கும் அதே பயம்தானே ஆயா? வண்டி ஏறலன்னா படூருக்கு எப்டிப் போறது, புள்ளைங்க எப்டித் துன்றது? அக்கா தன்னுத பங்கு வெச்சுக் குடுத்துச்சு. தீந்து போனா அந்த பழைய சீட்டையே எடுத்துகினு ஆளுக்கொரு கடையா போவாங்க. கேளம்பாக்கம், திருப்போரூரு, மகாபலிபுரம்னு. போன வாரத்துலேர்ந்து எல்லாக் கடையிலயும் புதுச் சீட்டு கேக்கறான். ஒரு வில்லை கூடத் தரல."

செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். அடுத்த நிமிஷம் டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தங்களுக்குள் பங்கு போட்டு மாதக்கணக்காகத் தின்ற மாத்திரை, எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றிருக்கிறது. சீட்டு இல்லாததால் மற்ற மூன்று பேருக்கும் அவர் பார்த்துத்தான் எழுத வேண்டும், ஆனால் அஞ்சலை நிலைமை மோசம், அவளுக்கு ஒரு மாத்திரையை உடனே கொடுத்து நாலு பேரையும் அழைத்து வாருங்கள், வழியில் வலிப்பு வந்தால் ஊசி என்றார் டாக்டர்.

சிஸ்டர் மாத்திரையை அஞ்சலையின் உள்ளங்கையில் வைத்துப் பெயரைச் சொன்னார். அஞ்சலை கையைக் கவிழ்த்தாள். மாத்திரை மணலில் விழுந்தது.

"வேணாம். இத போட்டா அவ போய்டுவா."

"போடலைன்னா உனக்கு வலிப்பு வரும்மா. உயிருக்கு ஆபத்து."

"வரட்டும். நான்தான் அவள ஓரமா குந்துன்னேன். எனக்குக் கால் வலிச்சிச்சு, உள்ள குந்திகினேன். இம்மாம் நாள் கழிச்சு வந்து வாசல்ல கீறா. பூசாரி அடிச்சுத் தொரத்துவாரு, நீங்க மாத்திரை குடுத்துத் தொரத்துவீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

ஏழுமலை சிஸ்டரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். அழுதுவிடுவான் போலிருந்தது. "டீ போட்டுத் தரேன் சிஸ்டர். அதுல கலந்துடுங்க. டீன்னா குடிச்சுடுவா."

முனியம்மாவும் வாசலிலிருந்து, "கலந்துடுங்க சிஸ்டர், புண்ணியமாப் போவும்" என்றாள்.

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். அஞ்சலையின் தாடை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து விட்டது. அது எதற்கு முன்னடையாளம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சிஸ்டர் ஊசியைப் பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"வலிப்பு வந்தா ஊசி. வராத வரைக்கும் கேட்டுத்தான் குடுக்கணும்" என்றார். "இன்னைக்கு டீயில ஏமாத்திக் குடுத்துட்டா, நாளைக்கு இவ நம்ம கையால தண்ணி குடிப்பாளா? இன்னும் எத்தனை மாசம் இவளுக்கு இதைக் குடுத்துக் கொறைக்கணும்? பச்ச, நீ உக்காரு."

நான் அஞ்சலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குக் கேட்கிறது என்றால் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லி அவளை ஜெயிக்க முடியாது.

"இன்னா மீன் ஆயறா?" என்றேன்.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "சங்கரா."

"ஒன்கிட்ட இன்னா சொல்றா?"

"ஒண்ணியும் சொல்லல. ஆய்ஞ்சிகினே கீறா."

"நாலு நாளாவா?"

"நாலு நாளா."

"பாட்டுகூடப் பாடலையா? ஒன் தங்கச்சி எப்படி, வாய் பேசாத பொண்ணா?"

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் கண் என்மேல் நிற்கவே இல்லை. "அவளா? அவ வாய மூடினா ஊரே வந்து இன்னா ஒடம்பு சரியில்லையான்னு கேக்கும். படூர் ஃபிளாட்டுல நாலாவது மாடிக்குக் கேக்கும் அவ தொண்ட. மீன் ஆயசொல்ல மீனாண்டயே பேசுவா. இன்னாடா கண்ணு, எந்த வலையில மாட்டினேன்னு..."

அங்கே நிறுத்திவிட்டாள்.

தலையைச் சாய்த்தாள். நெடுநேரம் கேட்டாள். கொட்டகைக்கு வெளியே மற்ற பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். அஞ்சலையின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போனது. என் முழங்கையைப் பிடித்தாள். அந்த விரல்களின் குளிர்ச்சி இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஆயா, அப்போ அது யாரு?"

நான் என்ன சொல்வேன்? மாத்திரை நின்றுபோன உடம்பு போடுகிற சத்தம் என்று டாக்டர் சொல்வார். அதுதான் சரி. ஆனால் அந்த வெயிலில், அந்த நாற்றத்தில், அவள் கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் என் வாயில் வரவில்லை.

"தெரியாதும்மா. தெய்வான இல்ல. அது மட்டும் ஒனக்கே தெரியுது."

அஞ்சலை சிஸ்டரிடம் கையை நீட்டினாள். சிஸ்டர் வேறு மாத்திரையை எடுத்து வைத்து, மறுபடி பெயரைச் சொன்னார். போட்டுக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள். சிஸ்டர் மணலில் மண்டியிட்டுத் தன் வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அஞ்சலையும் திறந்தாள். நாக்கு நடுங்கியது. அடியில் ஒன்றும் இல்லை.

வேனில் ஏற்றுவது அடுத்த பாடு. ஆட்டோவுக்குப் பயந்து மாத்திரை தின்றவர்கள் மாத்திரை இல்லாமல் வேனில் ஏற வேண்டும். மும்தாஜ் குழந்தையோடு முதலில் ஏறி உட்கார்ந்து, "ஏறுங்கடி, நான் பச்சப் புள்ளையத் தூக்கிகினு குந்திகினு கீறேன், ஒங்களுக்கு இன்னா?" என்று திட்டினாள். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். டிரைவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். அந்த விபத்து நடந்த வளைவு எனக்கு எதுவென்று தெரியாது. ஆனால் ஓரிடத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். மும்தாஜ் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து ஏதோ ஓதினாள்.

நாலு பேரையும் டாக்டர் வார்டில் சேர்த்தார். ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு அளவு. உன்னுடையது அவளுக்கு ஆகாது, அவளுடையது உனக்கு ஆகாது என்று சொல்லிப் புரியவைக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. "ஐஸு பங்கு போடலாம்மா, இதப் போடக் கூடாது" என்று அவரே குப்பத்துப் பாஷையில் பேசக் கற்றுக்கொண்டார். அஞ்சலை தூக்கிப் போட்டிருந்த பெரிய மாத்திரையும் மறுபடி தொடங்கியது.

வீட்டுக்கு அனுப்பி, வாரா வாரம் வந்து காட்டச் சொன்ன பிறகும் அந்தச் சத்தம் உடனே போய்விடவில்லை. சின்ன மாத்திரை மறுபடி உள்ளே போனதும் வாசலை விட்டுத் தெரு முனைக்குப் போனது. பிறகு கரைக்குப் போனது. நான் மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கொடுக்கத் தொடங்கிய வாரத்தில் மறுபடி கிட்டே வந்தது. "சந்துக்குள்ள வந்துட்டா ஆயா" என்பாள் மேரி. டாக்டர் அந்த அளவிலேயே கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார். சத்தம் திரும்பவும் பின்வாங்கும். அப்புறம் காலாக வெட்டுவேன். இப்படி ஒவ்வொரு வெட்டுக்கும் அது வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. யார் அது என்று எங்களில் யாரும் அதன் பிறகு கேட்டதில்லை. கடைசியில் படகுகளுக்கும் அப்பால் எங்கேயோ கேட்டு, ஒருநாள் இல்லாமல் போனது.

அது இல்லாமல் போய்ச் சில வாரம் கழித்து, நாலு பேரும் மும்தாஜும் டாக்டரைப் பார்க்க வந்திருந்தார்கள். வெளியே வராந்தாவில் கூட்டம். டாக்டர் அஞ்சலையிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தூக்கம் வருகிறதா, வண்டி ஏறுகிறாயா, சத்தம் ஏதாவது?

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வராந்தாவில் பாதி தூரம் வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நான் எத்தனையோ அழுகை கேட்டவள். இது வேறு. சாவு நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாவு வீட்டில் அழாதவள், வார்டில் மீன் விலை சொன்னவள், அந்த வராந்தாவில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "பச்சப் பொடவ கேட்டியேடி, குடுக்காம பொட்டியில வெச்சிகினேனே, எவ கட்டறது அத இப்போ? ஊரெல்லாம் பேசினியே, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியேடி..." முனியம்மா ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். செல்வி, மேரி, மும்தாஜ். சாவு வீட்டில் செய்வதுபோல வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து, தலையைத் தலையில் முட்டிக்கொண்டு அழுதார்கள்.

காத்திருந்த கூட்டம் எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. அறைக்கதவைத் திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, "சார், ஏதாவது மாத்திரை குடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் டாக்டர். "இதுக்கு மருந்து கிடையாது. அழட்டும்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். ஜெபமணி சிஸ்டர் வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றார். நான் போய் அந்த வட்டத்தில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. இடம் விட்டார்கள்.

அழுகை மெல்ல ஓய்ந்தது. அஞ்சலை சட்டென்று தலையைத் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். மற்ற மூன்று பேருக்கும் அதைப் பார்த்து உடம்பு விறைத்துவிட்டது. நானும் கேட்டேன். மின்விசிறி சுற்றியது. தூரத்தில் ரயில் கூவியது. வேறு ஒன்றும் இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம், யாராவது வருவார்களோ என்று வாசலைப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"செத்துப் போய்ட்டா" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.